பூட்டைத் திற, பாடம் வரும்!

கேள்வி: பாடம் நடத்த ‘எஸ்கேப் ரூம்’ விளையாட்டு உதவும் என்கிறார்களே! வகுப்பிலிருந்து தப்பிக்கப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஆயிரம் வழி தெரியுமே?
– ஓர் ஆசிரியை, தலைச்சோலை, ஏற்காடு

பதில்: அந்தத் திறமையைத்தான் பாடத்தின் பக்கம் திருப்பச் சொல்கிறார்கள்! புதிர்களை விடுவித்துப் பூட்டிய அறையிலிருந்து வெளியேறும் விளையாட்டு இது. 2007-ல் ஜப்பானின் கியோட்டோவில் கேளிக்கையாகத் தொடங்கிய இது வகுப்பறைக்குள் நுழைந்ததற்குக் காரணம் உண்டு. 2014-ல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறிவியல் பாடங்களில் விரிவுரை மட்டும் கேட்ட கல்லூரி மாணவர்கள் தோற்கும் வாய்ப்பு, செய்து கற்றவர்களைவிட ஒன்றரை மடங்காக இருந்தது. நமக்கும் இது புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே படிப்படியாக முன்னேறினார்கள்.

செலவாகுமே என்பீர்கள். மூன்று இலக்க எண் பூட்டு ஒன்றும் தகரப் பெட்டி ஒன்றும் போதும். பூட்டைத் திறக்கும் எண்ணைக் கேள்விகளின் விடைகளில் ஒளித்து வையுங்கள். குடுவைத் தாவரம் பூச்சி பிடிப்பது மண்ணில் போதாத எந்தத் தனிமத்துக்காக? முக்கியமாக நைட்ரஜன், அதன் அணு எண் 7. உங்கள் ஊர் போல 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் எத்தனை டிகிரி செல்சியஸில் கொதிக்கும்? ஏறக்குறைய 95. பூட்டு 795-ல் திறக்கும். கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தியே எல்லாவற்றையும் முடித்துவிடுவாள் என்பது நியாயமான பயம். துப்புகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுங்கள். 000-லிருந்து வரிசையாகத் திருகிப் பார்க்கும் பொறுமைசாலிக்கும் மருந்து உண்டு: திறந்தபின், “ஏன் 95?” என்று கேளுங்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான் பாடம். அதை விட்டுவிட்டால் தப்பித்தது நீங்கள்தான்!