ஆந்திரா பொன்னியில் ஒரு வெட்டு

கேள்வி: நாம் சாப்பிடும் ஆந்திரா பொன்னியின் மரபணுவிலேயே கை வைத்துவிட்டார்களாமே! இனி நம்பிச் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக! வேறெந்த உயிரின் மரபணுவும் அதில் குடியேறவில்லை. கதிரில் மணிகள் பெருகச் செய்யும் ஹார்மோன் சைட்டோகைனின். அதைச் சிதைக்கும் நொதி ஒன்றும் நெல்லுக்குள்ளேயே இருக்கிறது, களஞ்சியத்துக்குள் குடியிருக்கும் எலி மாதிரி. அந்த நொதிக்கான மரபணுவை ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் கருவி கொண்டு வெட்டி முடக்கினார்கள். அப்படிப் பிறந்த புது ரகம் 2025 மே மாதம் 'கமலா' என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது. 20 நாள் முந்தி அறுக்கலாமாம். கடைமடை விவசாயியிடம் கேளுங்கள், 20 நாள் தண்ணீரின் அருமையை அவர் சொல்வார்!

விளைச்சல் 19 சதவீதம் கூடும் என்பது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) கணக்கு. அங்கேதான் நான் கொஞ்சம் நிற்கிறேன். வயல் சோதனைத் தரவுகளைப் பற்றிக் கேள்விகள் எழுந்திருக்கின்றன. முழு விவரத்தையும் பொதுவில் வைக்கட்டும். இன்னொரு கவலையும் உண்டு: கிரிஸ்பர் கருவியின் முக்கியக் காப்புரிமைகள் வெளிநாட்டார் கையில் இருக்கின்றன. அதனால், அறுத்த நெல்லில் விதைக்கு எடுத்துவைத்து மறுபோகம் விதைக்க உழவருக்கு எந்தத் தடையும் வராது என்பதை இப்போதே எழுத்தில் தரவேண்டும்.