காவலுக்குக் காசு இருக்கு, களவுக்கு யாரு ஜவாப்பு?

வா தம்பி, திண்ணையில உக்காரு. சங்கத்துக்குச் செயலாளரா ஆயிட்டியாமே. தெருவுக்கு ராக்காவல் போடப் போறீங்க, வூட்டுக்கு மாசம் 200 ரூபான்னும் கேள்விப்பட்டேன். நல்ல காரியம். 1968-க்கு அப்பறம் 38 வருஷம் தூங்கி எழுந்து 2006-ல முனிசிபல் தேர்தல் நடத்துன ஊருப்பா நம்ம புதுச்சேரி. அந்தக் கவுன்சிலருங்க 2011-ல வூட்டுக்குப் போனாங்க, அந்த நாற்காலி இன்னும் காலி. நாதியத்த தெருவுக்குச் சங்கம்தான் நாதி. அதனால உன்னத் தடுக்கல. கெழவன் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போ.

நம்ம தெருவுல 60 வூடு. 200 போட்டா 12,000. சரி, ஒரு ஆளு வப்பே. வாரத்துல ஒரு ராத்திரி அவனுக்கு லீவு வேணாமா? அன்னிக்குத் திருடனுக்கும் லீவு குடுத்துடுவியா? அதுவும் 12,000 வந்தாத்தான். மாடி வூட்டுக்காரரு "எங்க வூட்ல கேமரா இருக்குங்க"ம்பாரு. மூலை வூட்டுக்காரரு "எங்ககிட்ட நாய் இருக்கு"ம்பாரு. பூட்டிக் கெடக்குதே, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா வூடு, அந்தப் புள்ளைங்க பாரீஸ்ல. வாட்ஸப்புல செய்தி போட்டீன்னா அடுத்த நிமிஷம் "மெர்சி"ன்னு வந்துடும். பணம்தான் வராது. ஆனா ராக்காவல்காரன் அதிகமா எட்டிப் பாக்க வேண்டியதே அந்தப் பூட்டுன வூட்டத்தான். காசு குடுக்காதவன் வாசல் வந்ததும் காவல்காரன் கண்ண மூடிக்கிட்டா நடக்க முடியும்?

இது உன் தலைவிதி மட்டுமில்ல. நம்ம ஊர்லேர்ந்து படையெடுத்துப் போனானே பிரெஞ்சுத் தளபதி லாலி, 1758 டிசம்பர்ல மெட்ராஸ் கருப்பர் பட்டணத்துக்குள்ள புகுந்துட்டான். சிப்பாயுங்க சும்மாவா இருப்பாங்க? வூடு வூடாக் கொள்ளை. அப்பறம் ஹைதர் அலி பயம் வேற. வெள்ளைக்காரன் முழிச்சுக்கிட்டு அந்தப் பட்டணத்துக்குப் பெரிய மதில் கட்டுனான். கட்டிட்டு, "உங்களுக்காகத்தான கட்டுனோம், செலவ நீங்க வரியாக் குடுங்க"ன்னான். குடுத்தாங்களா நம்மாளுங்க? மதில் பின்னால நிம்மதியாத் தூங்குனாங்க, வரி மட்டும் வசூலே ஆகல. இன்னிக்கு அந்த மதில்ல ஏதோ ஒரு துண்டுதான் மிச்சம். ஆனா சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல வால்டாக்ஸ் ரோடு மட்டும் ஜம்முன்னு இருக்குது, வராத வரிக்கு ஒரு ரோடு. லாலிக்காவது என்ன மிஞ்சுச்சு? 1761 ஜனவரியில இங்க சரணடைஞ்சான், இங்கிலீஷ்காரன் நம்ம ஊரத் தரைமட்டமாக்கிட்டுப் போயிட்டான்.

கும்பினிப் படையே வசூல் பண்ண முடியாதத நீ ரசீது புக்கு வச்சிக்கிட்டு வசூல் பண்ணப் போற. பண்ணு பண்ணு. குடுக்காதவங்க வூட்டுக் கதவத் தட்டி மல்லுக்கு நிக்காத. அவங்கள்லயே ரொம்ப முரண்டு பிடிக்கிற ஆளு எவரோ, அவரப் பொருளாளரா ஆக்கிடு. ரெண்டே மாசத்துல பாக்கி வச்சவன் எல்லாம் அவரப் பாத்தா சந்துல பூந்து ஓடுவான்.

இப்ப நான் கேக்க வந்ததக் கேக்கறேன். நீ வைக்கப்போற ஆளு ராத்திரி முழுக்க நடக்கறான், கம்பத்துல தடியால தட்டறான், விசில் ஊதறான். திருடு போயிடுச்சு. அடுத்த நாள் அவன் என்ன பண்ணுவான்?

பாத்தியா, முழிக்கிற! அடுத்த நாளும் விசில் ஊதுவான். ஒண்ணாந் தேதி வந்து சலாம் போட்டுக் காசு வாங்கிட்டுப் போவான். முன்னெல்லாம் கூர்க்கா வருவாரே, அவரும் அப்படித்தான். அவர் மேல தப்பில்ல, பாவம். நாம குடுத்த காசுக்கு அந்த விசிலுதான் ரசீது. பாதித் தூக்கத்துல அது காதுல விழுந்தா, "நம்ம இருவது ரூபா நடந்து போவுது"ன்னு திரும்பிப் படுத்துக்குவோம்.

அந்தக் காலத்து ஒப்பந்தம் வேற. மெட்ராஸ்ல பெத்த நாயக்கன்னு ஒருத்தரு தலையாரிங்கள வச்சு ஊர்க்காவல் பாத்தாரு. அவரு பேருலதான் பெத்தநாயக்கன்பேட்டையே இருக்குது. வூட்டு மேலயும் சரக்கு மேலயும் அவருக்குச் சின்னச் சின்னத் தீர்வை உண்டு. பதிலுக்கு, திருடு போச்சுன்னா பொருளக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும், இல்லேன்னா கைக்காசுலேர்ந்து ஈடு கட்டணும். கிராமத்துக் காவலும் அப்படித்தான். களத்துல நெல்லு வாங்கறவன் மாடு காணாமப் போனா ஜவாப்பு சொல்லியாகணும். நம்ம ஊர்லயும் பிரெஞ்சுக்காரன் நாள்ல நயினார்னு ஒருத்தரு காவலுக்குத் தலைவரா இருந்தாரு, ஆனந்த ரங்கப் பிள்ளை நாட்குறிப்புல அடிக்கடி வருவாரு.

பழசுன்னா எல்லாம் பொன்னுன்னு நெனச்சுடாத. காசு தராத ஊர்ல களவு நடக்கும், காசு தந்ததும் நின்னுடும். அது எப்படின்னு யாரும் வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க. அந்தத் தொல்லை தாங்காம 1896 வாக்குல திண்டுக்கல் பக்கத்து ஜனங்க பழைய காவலத் தள்ளி வச்சாங்க. ஊரு ஊரா பண்டு சேத்தாங்க. சொந்தக் காவலாளு போட்டாங்க, ஆபத்துன்னா ஊத ஒரு கொம்பு வச்சாங்க. இதெல்லாம் நீயும் செய்வே. அவங்க இன்னொண்ணும் செஞ்சாங்க. களவு போனா, இழந்தவனுக்கு அந்தப் பண்டுலேர்ந்தே ஈடு. கலவரம், வூடு கொளுத்தறதுன்னு கடைசியில கசந்து போச்சு, அது வேற கதை. ஆனா அந்த ஏற்பாட்டுல இருக்கிற சூட்சுமத்தப் பாரு. உன் மாடு போனா என் காசு போவும். அப்ப உன் மாட்ட யாரு பாப்பா? நான் பாப்பேன்!

அதனால வசூல் ஆவறதுல நாலுல ஒரு பங்கத் தனியா எடுத்து வையி. சந்தா கட்டுன வூட்ல களவு போனா அதுலேர்ந்து குடு. உச்சவரம்பு வச்சுடு, இல்லேன்னா மூக்குத்தி போனவ ஒட்டியாணம் போச்சும்பா. போலீஸ்ல எஃப்ஐஆர் பதிஞ்சாத்தான் பணம்னு எழுது. அப்பறம் பாரு வேடிக்கைய. பகல்ல கதவத் திறந்து போட்டுட்டு சீரியல் பாக்கற வூட்ட எதிர்வூட்டுக்காரி சும்மா விடுவாளா? பாரீஸ்காரனும் பணம் அனுப்புவான், ஈடு கெடைக்குமேன்னு.

ஆளு வைக்கிறதுல அவசரப்படாத. ஏஜென்சி மூலமாப் போட்டா, 2005-ல வந்த தனியார் காவல் முகமைச் சட்டப்படி லைசென்ஸ் இருக்கான்னு பாரு. தெருப்பசங்களும் ரோந்து வருவோம்னு குதிக்கிறானுங்களாம். வரட்டும். ஆனா கண்ணு முன்னால களவாண்டு மாட்டுனவன் மேல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லி வையி. இப்ப வந்த புதுச் சட்டத்துல, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40-ஆம் பிரிவுல, பிடிச்சவன ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும்னு இருக்கு. கம்பத்துல கட்டி வச்சு ரீல்ஸ் எடுத்தா, திருடன் ஜாமீன்ல வந்துடுவான், நம்ம பசங்க உள்ள போவானுங்க.

சிவப்புத் தொப்பிக்காரங்களையும் விட்டுடாத. பீட் பாக்கற போலீஸ்காரர் போன் நம்பரு ரசீது பின்னாலயே இருக்கட்டும். கவர்னரா இருந்தாங்களே கிரண் பேடி அம்மா, 2017 ஆகஸ்ட்ல ராத்திரி முகத்த மூடிக்கிட்டு ஸ்கூட்டர் பின்னால உக்காந்து ஊரச் சுத்திப் பாத்தாங்க. "ஹெல்மெட் எங்க?"ன்னு கேட்டவங்கதான் அதிகம். நீயும் மாசம் ஒரு ராத்திரி காவல்காரன் கூட நடந்து பாரு. எந்தக் கம்பத்துல பல்பு எரியல, எந்த வூட்டுக் கேட்டுக்குத் தாழ்ப்பாளே இல்லன்னு அப்பத்தான் தெரியும். ஹெல்மெட் வேணாம், நாய் பிஸ்கெட் எடுத்துக்கோ.

தீர்மானத்துல இன்னும் ஒண்ணு விட்டுட்டீங்க. தடி, டார்ச், விசில், யூனிபாரம், எல்லாம் எழுதியிருக்கு. அந்த மனுஷன் ராத்திரி பத்துலேர்ந்து காலைல அஞ்சு வரைக்கும் ஒண்ணுக்கு எங்க போவான்? 60 வூட்ல எவன் வூட்டுக் கக்கூசு அவனுக்குத் தொறக்கும்? ஞாயித்துக்கெழமக் கூட்டத்துல மொதல்ல இதக் கேளு. ஒருத்தரும் வாயத் தொறக்கலேன்னா எங்க கொல்லப்புறத்துக் கக்கூச எழுதிக்க. இரு இரு, பேனாவ மூடு. மருமக கடைக்குப் போயிருக்கா, வரட்டும்.