பரிணாமத்தை நீங்களே நடத்திவைக்கலாம்

காட்டு விதை சேகரிக்கக் கிளம்பிவிட்டீர்களா? நல்ல முடிவு. இன்று எடுக்கும் விதையைப் பத்திரமாக வைத்து, சில வருடம் கழித்து அதே இடத்தில் எடுக்கும் விதையோடு சேர்த்து ஒரே நாளில், ஒரே மண்ணில் விதைக்க வேண்டும். பாட்டிக்கும் பேத்திக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஸ்டீவன் ஃபிராங்க்ஸ் குழுவினர் தெற்குக் கலிஃபோர்னியாவில் காட்டுக் கடுகை வைத்து இதைத்தான் செய்தார்கள். ஒரு தொகுப்பு விதை 1997இல் எடுத்தது, மற்றது 2004இல் எடுத்தது. இடையில் வறட்சி. பேத்திகள் ஓரிடத்தில் 1.9 நாளும் இன்னோரிடத்தில் 8.6 நாளும் முந்திப் பூத்தன. ஈரம் சீக்கிரம் வற்றியதால் அவசரமாகப் பூத்துக் காய்த்தவையே விதை விட்டன. அந்த அவசரம் பிள்ளைகளுக்கும் வந்தது. 2007இல் கட்டுரையாக வெளிவந்தது.

அவர்களுக்கு ஒரு வறட்சி தேவைப்பட்டது. உங்களுக்கு அதுகூட வேண்டாம். கீழே உள்ளபடி செய்தால் வானத்தைப் பார்க்காமலே பரிணாமம் கண்டுபிடிக்கலாம். இதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் முடித்துவிடுங்கள்.

1. லீவு கிடைக்கிற அன்று போங்கள். ஒரே ஒரு முறை.

கடுகுக் காய் கீழிருந்து மேலாக முற்றும். அடிக் காய் வைக்கோல் நிறத்துக்கு வந்து, விரல் பட்டதும் இரண்டாகப் பிளந்து விதை கொட்டிவிடும். நடுவே மெல்லிய வெள்ளைச் சவ்வு மட்டும் நிற்கும். அதே செடியின் நுனியில் மஞ்சள் பூ இன்னும் இருக்கும். பக்கத்துச் செடி அப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். அதைத் திரும்பிப் பார்க்காதீர்கள். முந்திக்கொண்டவை மட்டுமே உங்கள் பைக்கு. சில வருடம் கழித்து வருகிறவருக்கு லீவு ஒரு மாதம் தாமதமாகக் கிடைத்தால், அவர் பிந்தியவற்றை அள்ளுவார். இரண்டையும் விதைத்தால் பேத்திகள் பிந்திப் பூக்கும். இயற்கை வருடக்கணக்கில் செய்ததை நீங்கள் லீவு விண்ணப்பத்தில் செய்துவிட்டீர்கள்.

2. அழகான செடியாகப் பாருங்கள். காரை விட்டு இறங்கியதும் எட்டுகிற தூரத்தில் தழைத்து நிற்பதே உத்தமம். ஐம்பது செடிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்பார்கள் விதை வங்கிக்காரர்கள். ஒரே செடியில் ஆயிரக்கணக்கில் விதை இருக்கும்போது ஐம்பது செடிக்கு எதற்குக் குனிவது? எல்லாம் ஒரு தாய் பிள்ளைகளாக இருந்தால் சண்டையும் இருக்காது.

3. மனசு கேட்காமல் பல செடிகளில் எடுத்துவிட்டீர்களா? பரவாயில்லை. எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டிக் குலுக்குங்கள். அமெரிக்காவின் பிராஜெக்ட் பேஸ்லைன், எதிர்காலப் பரிணாம ஆய்வுக்கென்றே விதை சேர்த்த திட்டம். அதில் தாய்ச்செடிவாரியாகத் தனித்தனியே போட்டு வைத்தார்கள். எந்தக் குணம் எந்தக் குடும்பத்தில் ஓடுகிறது என்று பின்னால் வருகிறவர்கள் பார்ப்பார்களாம். உறைகள் வாங்கக் காசு வேண்டாமா? ஒரே பையில் போட்டால் காய்த்துக் குலுங்கிய செடி பையை நிறைத்துவிடும், நோஞ்சான் செடி காணாமல் போகும். தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

4. மொத்தத்தையும் எடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடக்கூடாது என்று ஒரு விதி உண்டு. மீதியைச் செடிக்கும் மண்ணுக்கும் விட வேண்டுமாம். துடைத்து எடுத்துவிட்டால் அங்கே பேத்தியே பிறக்காமல் போகலாம். ஒப்பிட ஆள் இல்லாத ஆய்வை யாராலும் மறுக்க முடியாது.

5. உறையின் மேல் ‘மஞ்சள் பூ, ரோட்டோரம்’ என்று எழுதுங்கள். பென்சில் அழியாது, ஆகவே வேண்டாம். ஈரம் பட்டால் கலைகிற ஜெல் பேனாவே சிறந்தது. தேதி, இடம், எத்தனை செடி என்பதெல்லாம் ஞாபகத்தில் இருக்கும். செடியின் மாதிரியை அழுத்தி உலர்த்தி வைக்கவும் வேண்டாம். தெற்குக் கலிஃபோர்னியாவில் காட்டுக் கடுகும் கருங்கடுகும் மஞ்சளாகத்தான் பூக்கின்றன. எதை எடுத்தோம் என்ற ஆவல் கடைசிவரை இருக்கட்டும்.

6. இனி சேமிப்பு. உங்கள் திறமை முழுதும் வெளிப்படுவது இங்கேதான்.

காகிதப் பை காற்றை விடும், ஈரத்தையும் விடும். தவிருங்கள். பச்சை மணம் மாறாத காய்களைப் பாலிதீன் கவரில் போட்டு வாயை இறுகக் கட்டி, வெயிலில் நிற்கும் காரின் பின்சீட்டில் வையுங்கள். மாலைக்குள் கவரின் உள்பக்கம் வியர்க்கும். இரண்டு நாளில் பூஞ்சணம் படரும். உள்ளே வண்டு இருந்தால் அதற்கும் சாப்பாடு ஆயிற்று.

ஹாரிங்டன் என்ற விதையியலாளர் ஒரு கணக்குச் சொன்னார். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் சுமார் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. இதைப் பின்னாலிருந்து படியுங்கள். பரண் மேல், ஓட்டுக்குக் கீழே வைத்தால் ஆயுள் பாதி, அதிலும் பாதி என்று நிம்மதியாகத் தேயும்.

குளிர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், விதை வங்கிகளில் வைக்கிற −18 டிகிரியிலேயே வையுங்கள். ஆனால் உலர்த்தாமல் வையுங்கள். உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகித் திசுவைக் கிழிக்கும். உலர்த்தியே தீருவேன் என்கிறவர்கள் ஓக் மரக் கொட்டையைத் தேர்ந்தெடுங்கள். நம் மாங்கொட்டை மாதிரி அது உலர்ந்தாலே செத்துவிடும். ஆக, எந்தப் பிடிவாதக்காரருக்கும் வழி இருக்கிறது.

7. முளைப்புச் சோதனை செய்யாதீர்கள். கெட்ட செய்தியைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

பல வருடம் கழித்து விதைக்கும்போது நூற்றுக்கு முப்பது முளைத்தால் போதும். அந்த முப்பதே பழைய தலைமுறை என்று அறிவியுங்கள். செத்த எழுபதும் எப்படிப் பூத்திருக்கும் என்று கேட்க அவை உயிரோடு இல்லை. உங்கள் பரணைத் தாங்கிய விதைகள் வேறு குணத்திலும் மாறுபட்டவையாக இருக்கலாமே என்று யாராவது குறுக்கிட்டால் டீ வரவழையுங்கள்.

8. பழைய விதையையும் புதிய விதையையும் நேராக விதைத்து ஒப்பிடுங்கள். முதலில் இரண்டையும் ஒரே இடத்தில் ஒரு தலைமுறை வளர்த்து, அந்தச் செடிகள் தரும் புது விதையைத்தான் ஒப்பிட வேண்டும் என்று ஃபிராங்க்ஸ் போன்றவர்கள் மெனக்கெடுவார்கள். சேமிப்பின் களைப்பும் தாய்ச்செடி வளர்ந்த இடத்தின் பாதிப்பும் அதில் தணியுமாம். ஒரு வருடம் வீண். கிழட்டு விதை மெதுவாக முளைத்துப் பிந்திப் பூக்கட்டும். அதையும் பரிணாமக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த முறைகளுக்கெல்லாம் எதிரி ஒருவர் இருந்தார். மிச்சிகனில் வில்லியம் பீல் 1879இல் 20 பாட்டில்களை மண்ணில் புதைத்தார். ஒவ்வொன்றிலும் 21 இனம், இனத்துக்கு 50 விதை. எண்ணிப் போட்டு எழுதியும் வைத்ததால்தான் 2021இல் ஒரு பாட்டிலைத் தோண்டியபோது எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று சொல்ல முடிந்தது. அடுத்த பாட்டிலை 2040இல் எடுப்பார்கள்.

உங்கள் கவரை அதற்கு முன்பே எடுத்துவிடலாம். திறக்கும்போது மட்டும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.