கேளுங்கள், சொல்கிறேன்: குருவுக்கு நன்றி

சின்னசேலம் வாசகர்: அவரவர் தம்மையே நம்பச் சொன்னவர் புத்தர். பிறகு பௌத்தத்தில் குரு எதற்கு?

அதைச் சொல்லிக் கொடுக்கவே ஒரு குரு தேவைப்பட்டாரே! பாதையைக் காட்டியவருக்கு நன்றி சொல்லலாம், நடை மட்டும் நம்முடையது.

சங்கராபுரம் ஆசிரியை: படித்துப் போன பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நன்றிக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

சாரிபுத்தர். புத்தரின் தலைமைச் சீடர், அறிவில் அவருக்கு அடுத்தவர் என்று பேர் வாங்கியவர். ஆனால் தம்மத்தின், அதாவது புத்தர் போதனையின், முதல் வார்த்தையை அவர் கேட்டது அஸ்ஸஜி என்ற பிக்குவிடம். அதன்பின், அஸ்ஸஜி எந்தத் திசையில் தங்கியிருக்கிறாரோ அந்தத் திசையைக் கும்பிட்டு, அந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பாராம். 'இவர் திசைகளைக் கும்பிடுகிறார்' என்று மற்ற பிக்குகள் புகாரே செய்துவிட்டார்கள். இல்லை, ஆசிரியரைக் கும்பிடுகிறார் என்று புத்தர்தான் விளக்க வேண்டியிருந்தது. டீச்சர், உங்கள் ஊர்த் திசையில் தலை வைத்துப் படுக்கிற பிள்ளை எங்கோ இருக்கும். அது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சி கல்லூரி மாணவர்: தமிழ்நாட்டில் அப்படி யார்?

அயோத்திதாசப் பண்டிதர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமிழ் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். 1898-ல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்புக்குப் போய் சுமங்கல தேரர் என்ற பிக்குவிடம் பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம், 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை. ஒவ்வொரு முறை கையெழுத்துப் போடும்போதும் வாத்தியார் பெயரை எழுதிய மனிதர்! இதைவிடப் பெரிய நன்றி எனக்குத் தெரியவில்லை.

உளுந்தூர்பேட்டை வாசகி: குருவுக்கு என்ன தட்சிணை கொடுப்பது?

தியான ஆசிரியர் கோயங்கா பர்மாவில் உ பா கின் என்ற குருவிடம் விபஸ்ஸனா தியானம் கற்றார். 1969-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அதைக் கற்றுத்தரும் 10 நாள் வகுப்புக்கு இன்றும் கட்டணம் கிடையாது. முடித்தவர் மனமுவந்து கொடுப்பதில் அடுத்தவர் உட்காருகிறார். இதுதான் தட்சிணை.

வெள்ளிமலை வாசகர்: உங்களுக்கு பௌத்தம் காட்டியது யார்?

எட்டாம் வகுப்புத் தமிழய்யா. மணிமேகலை பாடம் நடத்தியவர், ஒரு சனிக்கிழமை எங்களைத் தலைவாசல் பக்கம் தியாகனூருக்குக் கூட்டிப்போனார். பெரிய கல் புத்தர், தியானத்தில். ஐயா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சாக்பீஸ் வெள்ளை இன்னும் நகக்கண்ணில் இருந்தது. சிலையின் மடியில் விழுந்திருந்த சருகை அந்த விரல்களால் எடுத்துப் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் பேசவில்லை, நாற்பது பிள்ளைகள்! அன்று தெரிந்துகொண்ட அமைதிதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

தியாகதுருகம் வாசகர்: எனக்குத் தியானம் சொல்லித் தந்தவர் கச்சிராயபாளையத்தில் இருக்கிறார். வயதாகிவிட்டது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஞானம் பெற்றதும் புத்தர் முதலில் நினைத்தது தன் பழைய ஆசிரியர்களை. ஆளார காலாமர் இறந்து ஏழு நாள் ஆகியிருந்தது. உத்தக ராமபுத்தர் முந்தின இரவுதான் போய்ச் சேர்ந்திருந்தார். ஐயா, கச்சிராயபாளையத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?