முகப்புப் படலம்: ஓர் ஆராய்ச்சி

லினக்ஸில் கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளைச் சொடுக்கினால், அது எழுந்து சோம்பல் முறித்து வருவதற்குள் ஒரு படம் வந்து நம் எதிரே நிற்கும். இக்கட்டுரை அதை முகப்புப் படம் எனும். ஸ்ப்ளாஷ் என்பது உலக வழக்கு. என் பழைய மடிக்கணினியில் அதன் ஆயுள் 11 விநாடி. அந்த 11 விநாடியைச் செம்மைப்படுத்த ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவானது. ஆய்வுக்கு இது மிகையன்று.

வரலாறு சுருக்கமானது. பெர்க்லியில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் 1995-இல் கிம்பை எழுதத் தொடங்கினர். வாயில் தூரிகை கவ்விய வில்பர் என்ற பிராணி பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அது நாயா நரியா என்னும் பூசல் நம் எல்லைக்கு வெளியே கிடக்கிறது.

இனி, நம் படத்தை நிறுவுமாறு. வீட்டு ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக், அதனுள் கிம்ப், அதனுள் பதிப்பு எண் (என்னுடையது 2.10), அதனுள் ஸ்ப்ளாஷஸ். இல்லாவிடில் உண்டாக்கிக்கொள்க. தமிழில் புள்ளி வைத்தால் அகரம்தான் போகும். லினக்ஸில் ஃபோல்டரே கண்ணில் படாமல் போகும். கண்ட்ரோலையும் எச்சையும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வரும்.

அற்றேல், கணினியின் பொதுவிடத்தில் உள்ள மூலப்படத்தையே மாற்றினால் என்னை எனின், அதற்கு ரூட் அதிகாரம் வேண்டும். அடுத்த அப்டேட்டில் பழைய படமே வந்து குந்திக்கொள்ளும் ஆதலின் அது பொருந்தாது என்க.

ஸ்ப்ளாஷஸ் என்ற பன்மையை நோக்குக. பல படங்கள் இருந்தால், ஒவ்வொரு முறையும் ஒன்றைக் குலுக்கி எடுக்கும். நான் மூன்று வைத்தேன். விருந்தாளி வரும் நாளில் பிடித்த படம் வந்ததே இல்லை. மனமுடைந்து ஒன்றோடு நிறுத்தினேன். முகப்பே வேண்டாம் என்போர் டெர்மினலில் நோ-ஸ்ப்ளாஷ் என்று சேர்த்துத் தொடங்குவர். அவர்களோடு வாதிட்டுப் பயனில்லை.

நின்ற அந்த ஒன்று, எங்கள் வீட்டுப் பூனை ஃபிரிட்ஜ் மேல் படுத்திருக்கும் படம். கறுப்பும் வெள்ளையும் கலந்த பூனை. இங்கேதான் சிக்கல் முளைத்தது. ஏற்றும் செய்திகளைக் கிம்ப் படத்தின் அடிப்பகுதியில் எழுதும். அவ்விடத்தின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டு, இருட்டாயின் வெளிர் எழுத்து, வெளிச்சமாயின் கரிய எழுத்து எனத் தானே தேரும். என் பூனையின் இடது கால் வெள்ளை, வலது கால் கறுப்பு. எழுத்து கறுப்பாக வந்து, செய்தியின் பின்பாதி வலது காலுக்குள் புகுந்து மறைந்தது. பூனையை நகர்த்த முடியாது. வெட்டும் சதுரத்தை நகர்த்தினேன். வால் போயிற்று. வால் போனால் பூனைக்கு என்ன மதிப்பு? மீண்டும் நகர்த்தினேன். மதியச் சோறு ஆறியது.

முகப்பின் ஆயுளை நீட்டித்த பெருமை ஒரு காலத்தில் எழுத்துருக்களுக்கு இருந்தது. டிடிபி செய்பவர்களிடம் நூற்றுக்கணக்கில் தமிழ் எழுத்துருக்கள் குவிந்திருக்கும்; அவை ஏறி முடியும்வரை படம் நின்று தரிசனம் தந்தது. 2018-இல் வந்த 2.10.4 பதிப்பு எழுத்துருக்களைப் பின்னணியில் ஏற்றத் தொடங்கியது. வேகம் கூடிற்று என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். முகப்பின் பக்கம் யார் இருந்தார்?

போன மாதம் மகன் மடிக்கணினியில் எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தான். இப்போது 3 விநாடி. முகம் தெரிகிறது, வாலுக்குப் பார்வை போவதற்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே வால் பார்க்க வேண்டுமென்றால் கிம்பை மூடி மறுபடி திறக்கிறேன்.