20-க்கு ஒன்று குறைவு

பெறுநர்: முன்னாள் படைவீரர் நலத்துறை, பாதுகாப்பு அமைச்சகம், புது தில்லி.

பொருள்: ஊனமுற்ற சிப்பாய்களை நீதிமன்றப் படியேற வைத்து உடற்பயிற்சி அளித்துவருவதற்கு நன்றி தெரிவித்தல்.

பெருமதிப்பிற்குரிய துறைக்கு,

2004-ல் தனித்துறையாகப் பிறந்த தாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளி வாரச்சந்தைக்கு வர வேண்டும். ஆட்டின் முதுகை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தே "இத்தனை கிலோ கறி தேறும்" என்பார் வியாபாரி. விலை கட்டாவிட்டால் விற்பவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். படையின் மருத்துவ வாரியம் சிப்பாயின் முழங்காலுக்குச் சதவீதம் போடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஓட்டிக்கொண்டு போகும் வசதிதான் இல்லை. 20 போட்டால் ஓய்வூதியத்தில் ஊனக்கூறு சேரும். "15 முதல் 19" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. ஊனத்தைக் காட்டி வீட்டுக்கு அனுப்பினாலே அது 20-க்கு மேல்தான் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் பேனா 19-லேயே நிற்கிறது.

சதவீதத்தைத் தாண்டினாலும், "நோய் பணியால் வந்ததல்ல" என்ற முத்திரை தயாராக இருக்கிறது. தரம்வீர் சிங் 1985-ல் நல்ல உடம்போடு படையில் சேர்ந்தார். 1994-ல் வலிப்பு நோயோடு திருப்பி அனுப்பப்பட்டார். அது உடம்பின் இயல்புக் கோளாறு என்றது படை. சேரும்போது ஏட்டில் குறிக்காத நோயைப் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், மறுப்பவரே நிரூபிக்க வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதன் பிறகாவது வழக்காட்டம் ஓய்ந்ததா? 2015-ல் அமைச்சகமே அமைத்த வல்லுநர் குழு, வழக்குகளைக் குறைக்க வழி சொன்னது. தாங்களோ சிப்பாய்களுக்குச் சாதகமான ஆயுதப்படைத் தீர்ப்பாய ஆணைகளை எதிர்த்து மனுமேல் மனுப் போட்டீர்கள். 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றைக் கத்தையாகத் தள்ளுபடி செய்தது. எல்லையில்கூட இவ்வளவு விடாப்பிடி தேவைப்பட்டிருக்காது.

அரசு வக்கீலுக்குக் கட்டணம் கருவூலம் தரும். நல்லம்பள்ளிச் சிப்பாய் சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால் சுமார் 300 கிலோமீட்டர். வாய்தாவுக்கு வாய்தா பஸ் செலவு, வக்கீல் செலவு. வாடகை பாக்கி விழுந்தால் வீடும் போகும். பிறகு தாங்கள் அனுப்பும் மறுப்புக் கடிதத்துக்கு விலாசமே இருக்காது.

ஆகவே தாழ்மையான விண்ணப்பம்: தீர்ப்பு வந்துவிட்ட விஷயங்களில் மேல்முறையீடுகளைத் திரும்பப் பெறுங்கள். மருத்துவ வாரியம் மறுத்தால், காரணத்தைத் தமிழில் எழுதி, தருமபுரி முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகச் சிப்பாயின் கையில் கொடுங்கள்.