சீன வண்டி மகாத்மியம்

திருவண்ணாமலையில் மகாத்மியம் இல்லாத பொருள் இல்லை. மலைக்கு உண்டு, குளத்துக்கு உண்டு, கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களுக்கும் தனித்தனியாக உண்டு. தேரடி வீதிக் கடைகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் தவணையில் வாங்கி ஓட்டும் சீனத்துப் பேட்டரி வண்டிக்கு மட்டும் இன்னும் ஒருவரும் பாடவில்லை. இவ்வளவு நற்குணங்கள் நிரம்பிய ஒரு வாகனத்தைப் பாடாமல் விடுவது பாவம்.

அதன் அவதாரத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. இந்த ஊருக்கு மேற்கே ஓசூரில் டி.வி.எஸ். வண்டிகள் தயாராகின்றன. போச்சம்பள்ளியில் ஓலாவின் ஆலை. வடக்கே ராணிப்பேட்டையில் 2021-இல் ஆம்பியர் ஸ்கூட்டருக்கென்று ஒரு தொழிற்சாலை. கிழக்கே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் என்ஃபீல்டும் யமஹாவும். இப்படிச் சுற்றிலும் இரு சக்கர வண்டி ஆலைகள் நிற்கும் ஊருக்கு, தியான்ஜினிலிருந்தும் வூஷியிலிருந்தும் கப்பல் ஏறி ஒரு வண்டி வந்து சேர்கிறது என்றால், அதற்கு நம் மேல் எத்தனை கருணை! வருவதும் ஆர்ப்பாட்டமாக வருவதில்லை. மோட்டார் ஒரு பெட்டியில், கன்ட்ரோலர் ஒரு பெட்டியில், பிளாஸ்டிக் உடம்பு வேறொரு பெட்டியில் என்று பிரிந்து வந்து, இங்கே ஏதோ ஒரு கொட்டகையில் போல்ட் போட்டு ஒன்றாகிறது. மேலே ஒரு சுதேசிப் பெயரும் மூவர்ண ஸ்டிக்கரும் ஏறிவிடும். பிறந்த ஊரைப் பற்றி அது வாய் திறப்பதே இல்லை. பின்சக்கரத்து ஹப் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக்குக்கு மட்டும்தான் அந்தப் பூர்வாசிரமத்து எழுத்துகள் தரிசனம் தரும்.

அடுத்து அதன் தத்துவம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் இரண்டாம் விதியின் 'யு' பிரிவு இருக்கிறது. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்று சோதனைச் சான்று பெற்றுவிட்டால், அந்தப் பேட்டரி வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே அல்ல. சக்கரம் உண்டு, மோட்டார் உண்டு, ஹாரன்கூட உண்டு, ஆனால் மோட்டார் வாகனம் அல்ல. 'இது அல்ல, இது அல்ல' என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய்ப் பிரம்மத்தைக் காட்டுவார்கள் வேதாந்திகள். ரமணாசிரமம் இருக்கிற ஊரில் அந்த நிலையை எட்டிய முதல் ஸ்கூட்டர் இதுதான். பதிவு இல்லை, டி.என். 25 என்று தொடங்கும் நம்பர் பலகை இல்லை, லைசென்ஸ் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை.

இன்ஷூரன்ஸ் இல்லாததன் மேன்மையைப் பலர் உணர்வதில்லை. மற்ற வண்டிக்காரன் ஒருவர் மேல் மோதினால் இழப்பீட்டைக் கம்பெனி கட்டும். அவனுக்கும் அடிபட்டவருக்கும் நடுவே வக்கீல், தீர்ப்பாயம், கம்பெனி என்று ஏகப்பட்ட இடைத்தரகர்கள். இங்கே அந்தக் குழப்பம் கிடையாது. கொடுக்க வேண்டியதை உங்கள் கையாலேயே, உங்கள் மனைவியின் வளையலை விற்றே, நேரடியாகக் கொடுக்கலாம்.

கடைக்காரரின் தயாள குணத்தையும் சொல்லாமல் முடியாது. 25 கிலோமீட்டர் வேகத்தில் வேங்கிக்காலிலிருந்து கலெக்டர் ஆபீசைக் கடந்து டவுனுக்குள் வருவதற்குள் டவுன் பஸ், மினி லாரி, கரும்பு டிராக்டர் எல்லாம் முதுகில் ஹாரன் அடித்துவிட்டுப் போகும். இதைக் கண்டு மனம் பொறுக்காத சில கடைக்காரர்கள், "ஒரு ஒயரை உருவிட்டா நாப்பது, நாப்பத்தஞ்சு போகும்ணா" என்று இலவசமாகவே அந்தச் சேவையைச் செய்து தருகிறார்கள். உருவிய அந்த நொடியில் வண்டி மோட்டார் வாகனமாகப் பதவி உயர்வு பெறுகிறது. பதிவு செய்யாத, இன்ஷூரன்ஸ் கட்டாத, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும் மோட்டார் வாகனம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் முழுவதையும் ஒரே ஒரு சிவப்பு ஒயருக்குள் அடைத்து வைத்திருக்கும் பொறியியலை வேறெந்த நாட்டில் பார்ப்போம்? பத்தாம் வகுப்புப் பிள்ளையை அந்த வண்டியில் டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோரின் நம்பிக்கை, தீபத்தன்று மலையேறுகிறவர்களின் நம்பிக்கைக்குச் சற்றும் குறைந்தது அல்ல.

அதன் பலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டில் சட்னி அரைக்கும் மிக்ஸி 500 வாட்டிலிருந்து 750 வாட் வரை இருக்கும். சட்டம் அனுமதிக்கும் இந்த மோட்டார் 250 வாட். தேங்காய்ச் சட்னிக்குப் போதாத சக்தியைக் கொண்டு கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை, முன்னால் ரேஷன் அரிசிப் பை என்று ஒரு குடும்பத்தையே இழுக்க முன்வருகிற தியாக உள்ளத்தை வணங்காமல் என்ன செய்வது? மேடு வந்தால் அது மூச்சு வாங்கும். வாங்கட்டும். பின்னால் இருப்பவர் இறங்கி நாலடி நடந்தால் ஏறிவிடும்.

நடை என்றதும் அதன் ஆன்மிகத் தொண்டு நினைவுக்கு வருகிறது. இது நினைத்தாலே முக்தி தரும் தலம். இந்த வண்டியும் அப்படித்தான், நினைத்தாலே எழுபது கிலோமீட்டர் ஓடும். விளம்பரத் தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஐந்து பேட்டரிகள், ஒவ்வொன்றும் 12 வோல்ட், 28 ஆம்பியர் மணி. பெருக்கிப் பார்த்தால் 1,680 வாட் மணி, அதாவது ஒன்றே முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. ஒல்லியான ஒருவர், தட்டையான சாலையில், காற்றில்லாத நாளில், புத்தம் புதிய பேட்டரியோடு, மெதுவாகப் போனால் எழுபதை ஒருவேளை எட்டலாம். மற்றவர்களுக்கு அதில் பாதி. ஒரு வருடம் ஓடிய பேட்டரிக்கு அதுவும் இல்லை. மீட்டரில் இரண்டு கட்டை இருக்கும்போதே அடி அண்ணாமலை தாண்டி வண்டி நின்றுவிடும். பக்தர்கள் 14 கிலோமீட்டரை வெறுங்காலோடு நடப்பதற்குப் பௌர்ணமி வரை காத்திருக்கிறார்கள். இந்த வண்டி வைத்திருப்பவருக்குத் திதி, நட்சத்திரம் எதுவும் பார்க்க வேண்டாம். அமாவாசையன்றும் நடக்கலாம், கூடவே வண்டியையும் தள்ளிக்கொண்டு.

ஔவையார் தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்துவிட்டு, உன் வேல்கள் நெய் பூசி மாலை சூட்டிக் காவலோடு பளபளவென்று இருக்கின்றன, அதியமானின் வேல்களோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்ன கதை தெரியும். அதியமானின் தகடூர் இங்கிருந்து செங்கம் வழியாகப் போனால் வந்துவிடும். அந்த வீர மரபு இன்னும் அறுந்துவிடவில்லை என்பதற்கு இந்த வண்டியே சாட்சி. எப்போது பார்த்தாலும் பட்டறையில்தான் இருக்கும். அதியமானின் வேலாவது போருக்குப் போய்விட்டு வந்தது. இது போகாமலேயே அந்தப் பெருமையை அடைகிறது. "கன்ட்ரோலர் போயிடுச்சுண்ணா, சென்னைக்குச் சொல்லியிருக்கேன்" என்பார் மெக்கானிக். சென்னைக்காரர் டெல்லிக்குச் சொல்லியிருப்பார். டெல்லி எங்கே சொல்லும் என்பது நமக்குத் தெரியும். இடையில் வண்டி விற்ற கடைக்குப் போனால் அங்கே மொபைல் கவர் விற்றுக்கொண்டிருப்பார்கள். பற்றற்ற வியாபாரம்.

வண்டி பட்டறையில் இருக்கும் நாட்களில் பெண்களுக்குக் கவலை இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. தவணை கட்டும் வண்டி பட்டறையில் நிற்க, தவணை கட்டாத பஸ்ஸில் வேலைக்குப் போய் வரலாம். ஆண்கள் ஷேர் ஆட்டோவில் தொங்க வேண்டியதுதான்.

செலவுக் கணக்கைச் சொல்லாமல் விட்டால், வண்டியைக் குறை சொல்பவர்கள் என் புகழ்ச்சியை வாய்ப்பேச்சு என்பார்கள். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் பெட்ரோல் ஸ்கூட்டர் வைத்திருந்தால் பத்து லிட்டருக்கு மேல் போடுவார், லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல், ஆக மாதம் ஆயிரம் ரூபாய். பேட்டரி வண்டிக்கு முப்பது யூனிட்டுக்குள் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2016-இலிருந்து இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். சின்ன வீடாக இருந்தால் வண்டிக்கான கரண்டில் ஒரு பங்கு அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஆக மாதம் ஆயிரத்தை ஒட்டி மிச்சம். இதில் பொய் எதுவும் இல்லை, நான் உண்மையாகவே புகழ்கிறேன்.

அந்த மிச்சத்தை வண்டி வீணாக்க விடுவதில்லை என்பதுதான் இன்னும் பெரிய செய்தி. 'கிராஃபீன்' என்று பெயர் எழுதி வருவது பெரும்பாலும் பழைய ஈய அமில பேட்டரிதான். அடிவரை காலி செய்து சார்ஜ் போட்டால் முந்நூறு, நானூறு தடவையில் களைத்துவிடும். மாதம் பதினைந்து தடவை சார்ஜ் போடுகிறவருக்கு இரண்டு வருட வாக்கில் ஐந்து பேட்டரியும் மாற்ற வேண்டி வரும். செட்டு விலை பதினைந்தாயிரத்தைத் தாண்டும். இடையில் ஒரு கன்ட்ரோலர், ஒரு சார்ஜர். பெட்ரோல் பங்கில் கொடுக்காமல் உண்டியலில் சேர்த்ததில் பெரும்பகுதி பேட்டரிக் கடைக்குப் போய்ச் சேரும். சிறுசேமிப்பை இவ்வளவு கறாராக நடத்தும் வேறு திட்டம் தபால் ஆபீசில்கூட இல்லை. வாரண்டி கேட்டால், அதுவும் உண்டு. தண்ணீர் பட்டால் செல்லாது, அதிகம் ஓட்டினால் செல்லாது, ஓட்டாமல் வைத்திருந்தாலும் செல்லாது.

ஒரே ஒரு இடத்தில் என்னால் புகழ முடியவில்லை. 2022 மார்ச்சில் பக்கத்து வேலூரில், இரவில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த ஒரு மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் நடந்த இப்படிப்பட்ட தீ விபத்துகளுக்குப் பிறகுதான் லித்தியம் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் இறுகின. ஈய அமில பேட்டரிக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனால் பழைய வண்டியில் மலிவு லித்தியம் பேட்டரியைப் பொருத்தி, அதற்குப் பொருந்தாத சார்ஜரால் ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். வண்டியை வெளியே நிறுத்திச் சார்ஜ் போடுங்கள்.

மீண்டும் புகழ்ச்சிக்கு வருவோம். சீன வண்டியால் நல்லது நடந்த நாடும் உண்டு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் வியட்நாமுக்குள் சீன மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம் போல வந்தன. ஹோண்டா விலையில் மூன்றில் ஒரு பங்கு. பெயரைக்கூட 'ஹோங்டா' என்று வைத்துக் கொஞ்சம் உறவு கொண்டாடின. சில வருடங்களில் பல வண்டிகள் கழன்று விழுந்தன, மக்களுக்கும் புத்தி வந்தது. ஆனால் அதற்குள் ஹோண்டாவுக்கும் புத்தி வந்து 2002-இல் 'வேவ் ஆல்ஃபா' என்ற மலிவு வண்டியை இறக்கியது. சீன வண்டி தான் தேய்ந்து வியட்நாம்காரர்களுக்கு நல்ல வண்டியை மலிவாக வாங்கிக் கொடுத்தது. இங்கே சீனத்துப் பெட்ரோல் பைக் வேரூன்றவில்லை, பேட்டரி வண்டி மட்டும் 250 வாட் வாசல் வழியாக நுழைந்துவிட்டது. நம் பெரிய கம்பெனிகள் ஷோரூமில் லட்சத்தை ஒட்டி விலை சொல்லிக்கொண்டிருக்கும் வரை, ஐம்பதாயிரத்துக்குள் வேலைக்குப் போய்வர வழி தேடும் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கும் அங்கன்வாடி ஆயாவுக்கும் வேறு யார் கதவு திறந்தார்கள்?

சுதேசி வண்டி வாங்கினால் சீனாவிடமிருந்து தப்பிவிட்டோம் என்று மார்தட்டுகிறவர்களுக்கும் ஒன்று. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், சில மாதங்களில் பஜாஜ் சேத்தக் உற்பத்தியே தடுமாறியது. எல்லா மின் வண்டியின் வயிற்றிலும் கொஞ்சம் சீனா இருக்கிறது. வித்தியாசம், ரிப்பேர் என்று போய் நிற்கும்போது ஒரு கம்பெனியின் கதவு திறந்திருக்குமா என்பதில்தான்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முன்பணம் கொடுக்கும் முன் புது பேட்டரி செட்டின் விலையைக் கடை லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். வாங்கும் மாடலுக்கான சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். வேக ஒயரை உருவாமல் கொடுக்கச் சொல்லுங்கள். அதன் கன்ட்ரோலரைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் இந்த ஊரிலேயே இருக்கிறாரா என்று விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த வண்டி அதுவாக இருக்காது.